வழிநடைத் தருமம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பருத்தித்துறையில் ஒரு வீதிக்குக் கூரை உண்டு. தெருமூடிமடம் என்று ஊரார் சொல்லும் அந்தக் கட்டடத்தின் நடுவால் வீதி போகிறது. இருபுறமும் கல்லால் கட்டிய திண்ணைகள்; திண்ணைகளில் நிற்கும் தூண்கள் மேலே கூரையைத் தாங்குகின்றன. வெயிலில் களைத்து வந்தவர் ஏறி இருக்கலாம். மழை பிடித்தால் ஒதுங்கலாம். பொழுது பட்டுவிட்டால் துண்டை விரித்துப் படுக்கலாம். இன்று அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். சுற்றுலா வருபவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். கட்டியவர்களுடைய மனத்தில் இருந்ததோ மிக எளிய காரியம்: நடந்து வருகிறவருக்கு இளைப்பாற ஓர் இடம் வேண்டும்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகள் யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் இருந்தன. சந்திகளில் மடங்கள், மடத்தோடு ஒரு கிணறோ கேணியோ, மாடு உரஞ்ச ஓர் ஆவுரஞ்சிக்கல், சற்றுத் தள்ளி ஒரு சுமைதாங்கி. சுமைதாங்கியின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுன்னாகம் சந்தைக்கோ சாவகச்சேரிச் சந்தைக்கோ தலையில் கடகத்தோடு போகும் ஒரு பெண், குனியாமல், எவருடைய கைத்தாங்கலும் இல்லாமல், சுமையை அப்படியே அந்தக் கல்லுக்கு நகர்த்திவிடலாம். இளைப்பாறிய பிறகு அதேபோலத் தலைக்கு எடுத்துக்கொள்ளலாம். நிலத்தில் இறக்கிய கடகத்தைத் தனியாளாகத் திரும்பத் தலைக்கு ஏற்ற முடியாது என்பதை அறிந்தவர்கள்தான் அந்தக் கல்லின் உயரத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கி வைக்காமல் போன பாரத்துக்காக, வழியால் போகும் எல்லோருடைய பாரத்தையும் இறக்கி வைக்க ஒரு கல்.

வீட்டு வாசலிலும் இதே எண்ணம் இருந்தது. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் சங்கடப்படலைக்கு மேலே ஒரு சின்னக் கூரை இருக்கும். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் அதன்கீழ் நிற்கலாம். சில வீடுகளில் மண்பானையில் தண்ணீரும் வைத்திருப்பார்கள். சொந்த வளவின் எல்லையிலேயே பொதுவுக்கென்று விட்ட சில அடி நிலம் அது.

இவற்றில் பெரும்பாலானவை ஊரவர்களும் குடும்பங்களும் தம் பொருளைச் செலவிட்டுச் செய்தவை. கோயில் கட்டுவதும் குளம் வெட்டுவதும் எப்படித் தருமமோ, நடப்பவருக்கு நிழலும் நீரும் இருப்பிடமும் தருவதும் அப்படியே தருமம் என்று இந்தச் சமூகம் கருதியது. அந்தக் கருத்து எங்கே தளர்ந்தது, அதைத் திரும்ப எடுப்பதற்கு இன்று என்ன செய்யலாம் என்பதே இந்த உரையின் பொருள்.

இன்றைய காங்கேசன்துறை வீதியில், யாழ்ப்பாணம் நகரைத் தாண்டிச் சுன்னாகம் பக்கமாக, ஒருவர் ஒரு கிலோமீற்றர் நடந்து பார்த்தால் நிலைமை விளங்கும். நடுவே காபெற் போட்ட தளம், கண்ணாடிபோல. தளத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அப்பால் தார் முடிந்து, கால் பிசகும் அளவுக்கு ஓர் இறக்கம். அதன்பின் சல்லியும் மண்ணும், அதற்கப்பால் மதில். மழைக் காலத்தில் அந்த இறக்கத்தில் வெள்ளம் நிற்கும், ஆழம் தெரியாது. மதிலோரம் ஒரு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நின்றால் நடப்பவர் தளத்தில் ஏறத்தான் வேண்டும். ஏறினால் முதுகுக்குப் பின்னால் மினி பஸ்ஸின் ஹோர்ன். நகருக்குள் நிலைமை வேறு விதம். அங்கே நடைபாதை என்பது வடிகாலின் மேல் போட்ட கொங்கிறீற் மூடிகள்தான். ஒரு மூடி சரிந்திருக்கும். அடுத்தது உடைந்து, ஒரு பிள்ளையின் கால் போகக்கூடிய இடைவெளி விட்டிருக்கும். அதற்கும் அடுத்த மூடியில் கடையின் விளம்பரப் பலகை. கைத்தடியோடு வரும் ஒரு முதியவர் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வீதிக்கு இறங்குகிறார். அவர் செய்வது சட்டப்படி பிழையாகவும் இருக்கலாம். அவருக்கு வேறு வழி விடப்படவில்லை.

போருக்குப் பிந்திய வீதிகளைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பிறகு மீண்டும் திறந்தபோது குடாநாடு பட்ட மகிழ்ச்சி உண்மையானது. அதன்பின் பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, காங்கேசன்துறை வீதி, மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகும் வீதி எல்லாம் அகலமாகின. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வந்த ஐ-றோட் திட்டம் கிராமத்து வீதிகளுக்கும் காபெற் போட்டது. பருத்தித்துறையிலிருந்து நோயாளியைக் கொண்டு போதனா வைத்தியசாலைக்கு ஓடிய ஒருவருக்கு இதன் பெறுமதி தெரியும். ஆனால் அகலிப்பு வேலையில் பல இடங்களில் முதலில் போனது வீதியோர மரம். வேலி பின்னுக்குப் போனது, வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. கிடைத்த அகலம் முழுவதும் சக்கரங்களுக்குக் கொடுக்கப்பட்டது. நடப்பவருக்கு மிஞ்சியது அந்தச் சல்லி ஓரம்.

யார் நடக்கிறார்கள்? காலையில் ஏழு மணிக்கு எந்தச் சந்தியிலும் நின்று பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள். கடைகளில் வேலை செய்யும் பெண்கள். தீவுப் பகுதியிலிருந்து பஸ்ஸில் வந்து வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிகள். எல்லாருக்கும் மேலாக, முதியவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்க, தாயும் தகப்பனும் தனியே வாழும் வீடுகள் குடாநாட்டின் எந்த ஒழுங்கையிலும் உண்டு. அவர்களால் மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. சைக்கிள் மிதிக்கும் வயதும் போய்விட்டது. சந்தைக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் கிளினிக்குக்கும் போக அவர்களுக்கு உள்ளது கால். ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடிக்க வேண்டிவந்தால் செலவு ஒருபுறம், வெளியே போவதே குறைந்துவிடும் என்பது மறுபுறம். வீதி நடக்கத் தகாததாக இருந்தால், அந்த முதியவருடைய உலகம் படலையோடு முடிந்துவிடுகிறது.

இந்த மண்ணில் நடைக்கு இன்னொரு நினைவும் உண்டு. அதைப் பேசாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்தேவி ரயில் நின்றது. அது யாழ்ப்பாணம் திரும்ப 2014 ஒக்டோபர் ஆயிற்று. எரிபொருளுக்குத் தடை வந்தது. பெற்றோலைச் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்கள் சில இருந்தன. மற்றபடி குடாநாடு முழுவதும் சைக்கிளிலும் காலிலும்தான் இயங்கியது. விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில் போயின, நோயாளிகளும் போனார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். பள்ளிக்கூடம் நடந்தது, பல்கலைக்கழகம் நடந்தது, சந்தை கூடியது.

பிறகு 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்கிவர, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தார்கள். செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலம். அந்த ஒடுங்கிய வழியால் மழையில், இருட்டில், பிள்ளைகளையும் முதியவர்களையும் பைகளையும் சுமந்துகொண்டு. சைக்கிள் இருந்தவர்களும் அதை உருட்டிக்கொண்டுதான் போனார்கள்; ஏறி ஓட இடமில்லை. சில மைல் தூரம் கடக்க இரவு முழுவதும் பிடித்தது. அந்த இரவில் நடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், இந்த அவையிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நடை என்றால் இழப்பும் சேர்ந்தே நினைவுக்கு வரும். போர் முடிந்தபின் லீசிங்கில் எடுத்த ஒரு மோட்டார் சைக்கிள் குடும்பத்துக்கு வெறும் வாகனமாக இருக்கவில்லை. இனி அப்படி நடக்க வேண்டியதில்லை என்ற உறுதியாகவும் இருந்தது. நடப்பவர்களுக்காகப் பேசுகிறவர்கள் இந்த உணர்வை மதிக்க வேண்டும். நடையைப் பழைமைப் பெருமையாகவோ ஏழ்மையின் புகழாகவோ பேசினால் இங்கே எவரும் காது கொடுக்க மாட்டார்கள், கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஆனாலும் 2022 வந்தது. நாட்டிடம் டொலர் இல்லை, கப்பலில் எரிபொருள் இல்லை. நிரப்பு நிலையங்களில் வரிசை நாட்கணக்கில் நின்றது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் முறையில் வாராந்தப் பங்கீடு வந்தது. தாழ்வாரங்களில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்கள் வெளியே வந்தன. சைக்கிள் திருத்தும் கடைகளில் கூட்டம். அரச அலுவலர்களும் ஆசிரியர்களும் மிதித்தார்கள், நடந்தார்கள். மூன்று தசாப்தங்களுக்குச் சற்று மேலான காலத்துக்குள் இரண்டு முறை, இரண்டு முற்றிலும் வேறுபட்ட காரணங்களால், இந்தக் குடாநாட்டுக்கு எரிபொருள் நின்றிருக்கிறது. இரண்டு முறையும் இதை நிற்காமல் ஓட்டியது கால். ஒரு துளி பெற்றோலியமும் இந்த நாட்டு மண்ணிலிருந்து எடுக்கப்படுவதில்லை என்பதால் மூன்றாவது முறை வராது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. நிலைத்து நிற்கும் போக்குவரத்து எது என்று ஐரோப்பிய மாநாடுகளில் தேடுகிறார்கள். யாழ்ப்பாணம் அதற்குரிய விடையை அனுபவத்தால் அறிந்திருக்கிறது. அறிந்தும் அதற்கென்று ஒரு வீதித் திட்டம் போடவில்லை.

நடை இழப்பாக மட்டும் இருந்ததில்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாகப் போய், குமண, யால காடுகளுக்குள்ளால் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள். வழியெங்கும் ஊர்கள் சோறு போடுகின்றன, தண்ணீர் வைக்கின்றன, படுக்க இடம் தருகின்றன. கொழும்புத்துறை யோகர் சுவாமி கால்நடையாகவே கதிர்காமம் போய் வந்தவர். போர் ஆண்டுகளில் அறுந்துபோன அந்த யாத்திரை திரும்பவும் தொடங்கியது. வழிநடைத் தருமம் முற்றாக அற்றுவிடவில்லை. கோயிலுக்கு நடப்பவருக்கு அது இன்னும் கிடைக்கிறது. கிளினிக்குக்கு நடப்பவருக்குத்தான் கிடைக்காமல் போயிற்று.

நல்லூர் திருவிழாவை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடப்பவருக்காகப் பேசும் எவருக்கும் அதைவிட வலுவான ஆதாரம் இந்த நாட்டில் கிடையாது.

ஆண்டுதோறும் கொடியேற்றத்துக்கு முன்பே கந்தசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தடைகள் எழும்புகின்றன. யாழ்ப்பாணத்தையும் பருத்தித்துறையையும் இணைக்கும் முதன்மை வீதியே கோயில் முன்றலால்தான் போகிறது, அதுவும் மூடப்படுகிறது. பஸ்கள் மாற்று வழியால் போகின்றன. தார் வீதியில் மணல் பரப்புகிறார்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவிலும் அந்த எல்லைக்குள் சக்கரம் என்றால் குழந்தைகளின் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தேரும்தான். மாநகரசபை தண்ணீர் வைக்கிறது, விளக்குப் போடுகிறது, குப்பை அள்ளுகிறது. வாகனத்தில் வருபவர்கள் தடைக்கு வெளியே, அயல் வளவுகளில் கட்டணம் கொடுத்து நிறுத்திவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். அமைச்சரானாலும் வெளிநாட்டிலிருந்து வந்த செல்வந்தரானாலும் வெறுங்காலோடுதான்.

அந்த நாட்களில் அந்த வீதிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கும் பெண்கள் தனியே, சிறு கூட்டமாக, பயமின்றி நடக்கிறார்கள். பிள்ளைகளின் கையைப் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண நாளில் பருத்தித்துறை வீதியில் ஒரு தாய் ஐந்து வயதுப் பிள்ளையின் கையை விடமாட்டாள், திருவிழாவில் விடுகிறாள். எண்பது வயதுக்காரர் நடுவீதியில் நின்று பழைய சிநேகிதரோடு கதைக்கிறார். கச்சான் கடையும் ஐஸ்கிறீம் கடையும் வளையல் கடையும் ஆண்டின் மிகப் பெரிய வியாபாரத்தைச் செய்கின்றன. வாகனம் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு நல்லூரே பதில்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளிநாட்டு நிபுணர் தேவைப்படவில்லை, கடன் தேவைப்படவில்லை. மாநகரசபையும் பொலிசும் கோயிலும் ஊர் மக்களும் சேர்ந்து ஆண்டுதோறும் செய்கிறார்கள். மரியாதையின் காரணமாகச் செய்கிறார்கள் என்பது உண்மை. செய்ய முடியும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இருபத்தைந்து நாள் மூடக்கூடிய ஒரு முதன்மை வீதியில், மிச்ச முந்நூற்று நாற்பது நாளும் நடப்பவருக்கு ஐந்தடி ஒதுக்க இயலாது என்று எந்தப் பொறியியலாளரும் வாதிட முடியாது.

வீதியோரத்துக்கான இழுபறி புதிதும் அல்ல. பின்னாளில் பெரிய எழுத்தாளராகிய லெனார்ட் வூல்ஃப், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் பிரித்தானிய அரசின் இளம் உத்தியோகத்தராக இருந்தார். பிரதான வீதியில் குதிரையில் போனபோது, தெருவுக்குள் நீண்டிருந்த வீட்டு விறாந்தைகளைச் சாட்டையால் சுட்டிக் காட்டியதாகவும், அந்த வேளையில் வண்டியில் போன ஒரு பிரபல வழக்கறிஞர் தம்மை அவமதித்ததாக எடுத்துக்கொண்டு, விடயம் ஆளுநர் வரைக்கும் முறைப்பாடாகப் போனதாகவும் அவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் யாழ்ப்பாண நகரத்துத் தெருவோரம் யாருக்கு உரியது என்ற வழக்கு தீரவில்லை. அன்று விறாந்தை, இன்று விளம்பரப் பலகையும் நிறுத்திய மோட்டார் சைக்கிளும். விறாந்தையாவது நடப்பவருக்கு நிழல் தந்தது.

இனி உயிரின் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் நடந்து போனவர்கள். இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். நடப்பவரின் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விடயம்: வேகம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் கடக்கிறது. 30 கிலோமீற்றரில் வருவது 8 மீற்றர் கடக்கிறது. ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருவதைக் கண்டு சாரதியின் கால் பிறேக்குக்குப் போக அந்த ஒரு செக்கன் வேண்டும். வித்தியாசம் 6 மீற்றர்; அது ஒரு சிறிய வீதியின் முழு அகலம். மோதினாலும், 50இல் மோதும் வாகனத்தின் ஆற்றல் 30இல் மோதுவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. இதனால்தான் 2020இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்றது. அந்தப் பிரகடனத்தை அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் ஏற்றது. இலங்கையில் ஊர்ப்புறங்களுக்குள் கார்களுக்கான எல்லை இன்னும் 50. காபெற் வீதியில் அதையும் எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது, மணல் ஏற்றிய ரிப்பர் ஒன்று கடந்துபோகும்போது வீதியோரம் நிற்பவருக்குத் தெரியும்.

பள்ளிக்கூட வாசல்களில் காலையில் ஒரு நல்ல காட்சி உண்டு. 7.30 மணி அடிப்பதற்கு முந்திய அந்த அரை மணித்தியாலத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கடவையில் நின்று கையை உயர்த்துகிறார். ரிப்பரும் நிற்கிறது, வானும் நிற்கிறது, பிள்ளைகள் கடக்கிறார்கள். அவர் போனதும் கடவை வெறும் கோடாகிவிடுகிறது, அதுவும் பல இடங்களில் பாதி அழிந்த கோடு. ஒரு மனிதரின் கை செய்யும் வேலையை நாள் முழுவதும் செய்யக்கூடியது உயர்த்திக் கட்டிய கடவை: வீதியின் குறுக்கே, நடைபாதையின் மட்டத்துக்கு, சரிவோடு எழுப்பிய ஒரு மேடை. வாகனம் தானாகவே வேகம் குறைக்க வேண்டிவரும். செலவு, ஒரு கிலோமீற்றர் காபெற்றோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது.

ஏன் செய்யப்படுவதில்லை? பெரும்பாலும் பொறுப்பு சிதறிக் கிடப்பதால். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் மாநகரசபை, நகரசபை, பிரதேச சபைகளுக்கு. வேகத்தைப் பார்ப்பது பொலிஸ். கம்பம் மின்சார நிறுவனத்துக்கு, அதில் எரியும் விளக்கு உள்ளூராட்சி சபைக்கு. வீட்டிலிருந்து ஒழுங்கையால் வந்து, மாகாண வீதியில் ஏறி, முதன்மை வீதியைக் கடந்து பஸ் பிடிக்கும் ஒரு பெண், அரை கிலோமீற்றருக்குள் மூன்று அதிகாரங்களின் நிலத்தில் கால் வைக்கிறாள். அவளுடைய முழுப் பயணத்துக்கும் பொறுப்பான அலுவலகம் ஒன்றுமில்லை. இதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் நிரந்தரமான ஒரு விடயமாகச் சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது இந்த உரையின் துணிபு.

ஸ்பெயினின் வடமேற்கில் பொன்ரவேத்ரா என்று ஒரு நகரம். ஏறக்குறைய 83,000 பேர் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணம் மாநகர எல்லைக்குள் 2012 குடிசன மதிப்பீட்டின்போது ஏறக்குறைய 88,000 பேர் வாழ்ந்தார்கள் என்பதால் ஒப்பீடு பொருத்தமானது. 1999இல் அங்கே மேயராக வந்த மிகேல் ஆன்ஹோ பெர்னாண்டஸ் லோரெஸ், நகரின் பழைய மையத்திலிருந்து ஊடறுத்துப் போகும் வாகனங்களை அகற்றத் தொடங்கினார். சரக்கு வண்டிக்கும் நோயாளி வண்டிக்கும் அங்கு குடியிருப்பவருக்கும் வழி விட்டார். சும்மா ஊடறுத்துப் போவதையும் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதையும் மட்டும் தடுத்தார். வீதி விபத்து மரணம் அந்த மையத்தில் மிக அரிதாகிவிட்டது. அந்த நகரம் செய்த இன்னொரு காரியம் எல்லா ஊர்களுக்கும் ஏற்றது: ரயில் வரைபடம்போல ஒரு நடை வரைபடம் அச்சிட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று குறித்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒன்று வரைந்தால் பலர் வியப்பார்கள். மாநகரத்தின் முழுப் பரப்பே 20 சதுர கிலோமீற்றர்தான், குன்றில்லை, ஏற்றமில்லை. புகையிரத நிலையத்திலிருந்து மத்திய பஸ் நிலையம் ஒரு கால் மணித்தியால நடை. பஸ் நிலையத்திலிருந்து பொது நூலகம் பத்து நிமிடம். நல்லூருக்குக்கூட அரை மணித்தியாலத்துக்குச் சற்றே கூட. தூரம் இங்கே தடையாக இருந்ததே இல்லை. வெயிலும் பயமும்தான் தடை.

தமிழர் நகரங்களில் முயன்று பார்த்தது சென்னை. அந்த மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது; இந்திய நகரங்களில் அது முன்னோடி. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் வீதியின் வாகனப் பகுதியைச் சுருக்கி, அகன்ற நடைவெளியும் இருக்கைகளும் அமைத்தார்கள். வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் ஆள் வராது என்று அங்கும் வியாபாரிகள் அஞ்சினார்கள். இன்று மாலை வேளையில் அந்த நடைவெளியில் சனம் நெருங்கி நடக்கிறது. குறைகளும் உண்டு: சென்னையின் மற்றப் பகுதிகள் பலவற்றில் நடைபாதை இன்னும் மோட்டார் சைக்கிள்களிடமே இருக்கிறது. ஒரு கடைத்தெருவை அழகாக்குவதோடு நின்றுவிட்டால் போதாது என்பதற்கு அதுவும் பாடம்.

வெயில் என்பது யாழ்ப்பாணத்தில் உண்மையான ஆட்சேபம். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் தார் வீதியில் நடக்கச் சொல்வது எவருக்கும் எளிதல்ல. அதற்கு மருந்தும் இந்த மண்ணில் உண்டு: வேம்பு, பூவரசு, மருது. வீதி அகலிக்கும்போது வெட்டிய மரத்துக்கு ஈடாக எங்கோ ஒரு வெளியில் நூறு கன்று நட்டோம் என்பது நடப்பவருக்கு ஆறுதல் தராது. அவர் நடக்கும் ஓரத்தில், மேற்கு வெயிலை மறைக்கும் பக்கத்தில் மரம் வேண்டும். வளரப் பத்து ஆண்டு எடுக்கும். ஆகையால் இந்த மாரியிலேயே நட வேண்டும்.

மருத்துவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத குடும்பம் குடாநாட்டில் அரிது. மாலையில் பண்ணைக் கடற்கரையில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். பலர் தம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அங்கே போய் நடக்கிறார்கள். வீட்டு வாசலிலேயே நடக்கத்தக்க வீதி இருந்தால், சந்தைக்குப் போய் வருவதே அந்த 150 நிமிடத்தில் பெரும் பங்கைத் தந்துவிடும். பஸ்ஸின் எதிர்காலமும் இதில்தான் தங்கியிருக்கிறது. பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரும் ஏறுமுன் நடக்கிறார், இறங்கியபின் நடக்கிறார். பருத்தித்துறைக்கு ஓடும் 750ஆம் இலக்கப் பாதையில் எத்தனை புதிய பஸ் விட்டாலும், இறங்கிய இடத்திலிருந்து வீடு வரைக்கும் இருட்டான, நாய் துரத்தும், வெள்ளம் நிற்கும் ஒழுங்கை என்றால், அந்தப் பெண் கடன்பட்டாவது ஒரு ஸ்கூட்டி வாங்கிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

தருமம் முற்றாகத் தளரவில்லை என்பதற்கு இன்னுமொரு சான்று பஸ் தரிப்பிடங்கள். இறந்த தாயின், தகப்பனின் நினைவாகப் பிள்ளைகள் கட்டிக் கொடுத்த தரிப்பிடங்கள் நம் ஊர்களில் உண்டு. சுவரில் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். சுமைதாங்கியின் நேர் வாரிசுகள் அவை. புலம்பெயர்ந்தோர் கோபுரத்துக்கும் வளைவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்தக் கையில் ஒரு சிறு பங்கு வீதியோரத்துக்கும் திரும்பலாம். ஒரு பாடசாலை வாசலிலிருந்து இருபுறமும் ஐந்நூறு மீற்றருக்கு மட்டமான நடைபாதை, இருபது நிழல் மரம், நான்கு கல் இருக்கை, ஒரு குடிநீர்க் குழாய். ஒரு பழைய மாணவர் சங்கத்தால் செய்யக்கூடிய வேலை இது. நிலத்துக்கு உரிய சபை அனுமதி கொடுக்க வேண்டும், பராமரிப்பை ஏற்க வேண்டும், அவ்வளவே.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகரசபையும் மூன்று நகரசபைகளும் பதின்மூன்று பிரதேச சபைகளும் இருக்கின்றன. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு இந்தப் பதினேழிலும் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சபைகள் ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைத் தயாரிக்கின்றன. வீதிக்கென்று வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை காபெற் கேட்டு வருபவை. நடைபாதை கேட்டு எழுதுபவர் குறைவு, ஆகவே ஒதுக்கீடும் குறைவு. இதை வாசிப்பவர்கள் தங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வீட்டிலிருந்து அருகிலுள்ள பாடசாலைக்கோ சந்தைக்கோ போகும் ஒரே ஒரு வீதியைத் தெரிவு செய்யுங்கள். அதன் பெயரையும் நீளத்தையும், எங்கே மூடி உடைந்திருக்கிறது, எங்கே விளக்கில்லை, எந்த இடத்தில் உயர்த்திய கடவை வேண்டும் என்பதையும் குறியுங்கள். அந்த வீதியால் தினமும் நடந்து போகிறவர்களின் கையொப்பத்தை வாங்கி, பாதீட்டுக் கூட்டத்துக்கு முன் சபையில் சேர்ப்பியுங்கள்.